கயிறு யார் கையில்?



முத்துக் குளிக்கும் தொழிலைப் பற்றி நம் கடற்கரை ஊர்களில் ஒரு செய்தி வழங்கி வருவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கடலில் மூழ்குபவன், தன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பானாம். தன் சகோதரி விதவையாகிவிடக் கூடாதே என்ற கவலை அவனைவிட வேறு யாருக்கு இருக்கப் போகிறது! கயிறு ஒருமுறை அசைந்தால் போதும். மச்சான் கண் இமைக்கும் நேரத்தில் மேலே இழுத்துவிடுவான்.

எல்லாப் படகிலும் அப்படித்தான் நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் பொதிந்திருக்கும் கருத்து ஆழமானது. நம் மூச்சை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம் என்றால், அந்தக் கை எத்தகைய கை என்பதை அறிந்தே ஒப்படைக்க வேண்டும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு பித்தளைக் கருவி.

காஜிமார் தெருப் பகுதியில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். சில மாதங்களுக்கு முன் விடுமுறையில் வந்தவர் என்னைக் காண வந்தார். பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு ஒரு பையையும் கொண்டு வந்து வைத்தார். உள்ளே கறுப்பு ரப்பர்க் குழாய்களும், கனத்த பித்தளைக் குமிழ் ஒன்றும், வாயில் கவ்விக்கொள்ளும் வட்டமான ஒரு பாகமும் இருந்தன. கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் ரெகுலேட்டர் அது! விடுமுறை நாட்களில் முறையாகப் பயிற்சி பெற்று ஆழ்கடல் நீச்சல் பழகுகிறாராம். அவருடைய பாட்டனார் கீழக்கரையில் சங்கு குளித்தவர். பேரனுக்குக் கடல் ஆசை வந்ததில் வியப்பில்லை.

"ஹஜ்ரத், இது பிறரிடம் விலைக்கு வாங்கியது. ஒவ்வொரு மூச்சிலும் இரண்டு சொட்டு உப்புநீர் வாய்க்குள் வருகிறது. சிலிண்டரைத் திறந்து சிறிது நேரம் சென்றதும் உஸ்ஸென்று ஒரு சீறலும் கேட்கிறது. அங்கே பழுது பார்க்கக் கூலி அதிகம். இங்கேயே நாமே பிரித்துச் சரி செய்துவிட்டால் என்ன?" என்று கேட்டார்.

நானோ அரபு இலக்கணம் போதிப்பவன். கல்லூரியில் பயின்றது வரலாறு. எனினும் அவர் கொண்டு வந்திருந்த பயிற்சிக் கையேட்டை இருவருமாக மூன்று இரவுகள் படித்தோம். படித்ததையும், பார்த்ததையும், அதிலிருந்து பெற்ற பாடத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வளைகுடாக் கரைகளில் இந்தக் கருவியை வாயில் கவ்விக்கொண்டிருக்கக் கூடும்.

பப்பாளித் தண்டும் பத்தடி ஆழமும்

சிறு வயதில் கிணற்றில் குதித்து விளையாடியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பப்பாளி இலையின் காம்பை ஒடித்து, ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையை நீருக்கு மேலே நீட்டி மூச்சு விடுவோம். ஒரு சாண் ஆழத்தில் அது நடக்கும். நீண்ட குழாயாக இருந்தால் பத்தடி ஆழத்திலும் நடக்குமா? நடக்காது!

காரணம் எளியது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே, நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 100 கிராம் எடை கூடுதலாக அழுத்துகிறது. மேலிருந்து வரும் சாதாரணக் காற்றை உள்ளிழுக்க நெஞ்சு விரிய வேண்டும். நீர் விரிய விடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் இரு மடங்காகிறது. முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. ஆகவே மூழ்குபவருக்குக் காற்று கிடைத்தால் மட்டும் போதாது. அவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்குச் சரிசமமான அழுத்தத்தில், அவர் கேட்கும்போது மட்டும் அது கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு மூச்சிலும் போட்டுக் கொடுக்கும் கணக்கப்பிள்ளைதான் ரெகுலேட்டர்.

அடுப்பங்கரையின் உறவினன்

நம் முன்னோர் இத்தகைய கருவி எதுவுமின்றியே மன்னார் வளைகுடாவில் மூழ்கினர். காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிட அளவு மூச்சடக்கி, சிப்பிகளை அள்ளிக்கொண்டு ஏறினர். பரதவ மக்களும் கீழக்கரை முஸ்லிம்களும் இத்தொழிலில் புகழ் பெற்றிருந்தனர். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரும் முத்துக் குளிப்பு.

அதற்கு வெகு முன்பே உலகின் வேறொரு மூலையில் இந்தக் கருவி வளரத் தொடங்கியிருந்தது. பிரான்சில் சுரங்கப் பொறியாளர் பெனுவா ருக்கைரோல் என்பவர், கெட்ட காற்று நிறைந்த சுரங்கங்களில் பயன்படும் பொருட்டு ஒரு காற்றுச் சீராக்கியை அமைத்தார். கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனைரூஸுடன் இணைந்து 1864-இல் அதைக் கடலுக்கு ஏற்றதாக்கினார். ஆச்சரியம் என்னவென்றால், 1869-70-இல் வெளிவந்த ழூல் வெர்னின் ஆழ்கடல் நாவலில் இவ்விருவரின் கருவி பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. அதே நாவலின் நாயகர்கள் நமது மன்னார் வளைகுடா முத்துப் படுகைக்கும் வருகிறார்கள்! அங்கே மூச்சடக்கி மூழ்கும் ஏழை முத்துக்குளிப்பவர் ஒருவரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றுகிறார்கள். கருவியோடு வந்தவரும் கல்லைக் கட்டி இறங்கியவரும் கற்பனையில் சந்தித்த இடம் நம் கடல்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமில் கான்யான் என்ற பொறியாளர் ஒரு ரெகுலேட்டரைச் செய்திருந்தார். 1942 இறுதியில் கடற்படையைச் சேர்ந்த ழாக் கூஸ்தோ அவரைச் சந்தித்தார். 1943-இல் இருவரும் அதை மூச்சுக் கருவியாக மாற்றினர். ஆற்றில் செய்த முதற்சோதனையில், படுத்தவாறு நீந்தும்போது சரியாக வேலை செய்த கருவி, நிமிர்ந்தபோது காற்றை வீணே கொட்டியது. தலைகீழானபோது மூச்சுக்கே திணற வைத்தது! காற்று வெளியேறும் வாயிலும் உள்ளிருக்கும் சவ்வும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததே குற்றம். இரண்டையும் அருகருகே வைத்ததும் குறை தீர்ந்தது. சில அங்குலத் தவறு எவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது, பார்த்தீர்களா?

ஆக, கடலில் மூச்சுக் கொடுக்கும் கருவி, நம் அடுப்பங்கரையில் கேஸ் சிலிண்டர் மீது அமர்ந்திருக்கும் ரெகுலேட்டரின் நெருங்கிய உறவுதான். இரண்டின் வேலையும் ஒன்றே: உள்ளே அடைபட்டிருக்கும் பெரும் வேகத்தைத் தணித்து, தேவையான அளவில் வெளியே விடுவது.

உள்ளே நடப்பது என்ன?

மூழ்குபவரின் சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. கார் டயரில் உள்ளதைப் போல் சுமார் நூறு மடங்கு! அதை நேரே வாயில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே இரண்டு படிகளில் இறக்குகிறார்கள்.

சிலிண்டர் வால்வில் பொருத்தப்படும் பித்தளைக் குமிழ் முதல் நிலை. அது 200 பாரைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. உள்ளே கூர்மையான பித்தளை விளிம்பு ஒன்றும், அதன்மீது அமர்ந்து அடைக்கும் உறுதியான பிளாஸ்டிக் இருக்கை ஒன்றும் உள்ளன. கருவியின் உயிர்நிலை இதுவே.

வாயில் கவ்வும் பாகம் இரண்டாம் நிலை. உள்ளே மெல்லிய சிலிக்கோன் சவ்வு. மூச்சை இழுத்ததும் சவ்வு உள்வாங்குகிறது. அது ஒரு நெம்புகோலை அழுத்துகிறது. வால்வு திறந்து காற்று வருகிறது. இழுப்பதை நிறுத்தியதும் ஸ்பிரிங் மூடிவிடுகிறது. வெளிவிடும் மூச்சு, காளான் குடை போன்ற ஒரு ரப்பர் வால்வு வழியே குமிழிகளாகப் போய்விடுகிறது. முதல் நிலை பழுதாகி அழுத்தம் ஏறினாலும் இரண்டாம் நிலை வால்வு தானே திறந்து காற்றைக் கசியவிடும், குழாய் வெடிக்காது. மாணவர் கேட்ட சீறலின் பொருள் இதுதான். கருவி தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது!

நாமே செய்யத்தக்கவை

எதை நாமே செய்யலாம்? நிறையவே செய்யலாம்.

முதலாவது, கழுவுதல். கடலிலிருந்து ஏறிய அன்றே நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் ரப்பரையும் பித்தளையும் அரிக்கும். கழுவுவதற்கு முன் முதல் நிலையின் தூசி மூடியை நன்கு துடைத்து உலர்த்தி இறுக மூடவேண்டும். சிலிண்டரில் இணைக்கப்படாத நிலையில், நீருக்குள் வைத்து நடுப்பொத்தானை அழுத்தவே கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து தண்ணீர் குழாய் வழியே முதல் நிலைக்குள் போய்விடும். பின்னர் நிழலில் உலர்த்த வேண்டும். நம் மதுரை வெயிலில் மொட்டைமாடியில் காயப்போட்டால் ரப்பர் சீக்கிரமே வெடித்துவிடும்.

இரண்டாவது, கண்ணால் பார்த்தல். குழாய்களின் முனையில் உள்ள உறைகளை நகர்த்தி வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். வாய்க்கவ்வியில் பல் பதியும் இடம் கிழிந்திருக்கிறதா, அதைக் கட்டிய பட்டை இறுக்கமாக உள்ளதா என்று தடவிப் பார்க்க வேண்டும். முதல் நிலையின் வாயிலில் ஒரு சிறு வடிகட்டி தெரியும். அது பச்சை பூத்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செந்நிறமாக இருந்தால் சிலிண்டரில் துரு. கருமையாக இருந்தால் காற்று அடைக்கும் இயந்திரத்தின் வடிகட்டிக் கரித்தூள். ஆக, நிறத்தைப் பார்த்தே நோயை ஊகிக்கலாம்.

மூன்றாவது, வெறும் மூச்சுச் சோதனை. இதற்குச் சிலிண்டரே தேவையில்லை. தூசி மூடியை இறுக மூடிவிட்டு வாயில் வைத்து மெல்ல இழுக்க வேண்டும். சிறிதளவும் காற்று வரக் கூடாது. வந்தால் சவ்விலோ, காளான் வால்விலோ, வாய்க்கவ்வியிலோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். காற்று வரும் வழியே நீரும் வரும்!

நான்காவது, வெளித் திருகுகள். சில மாதிரிகளில் மூச்சின் இலகுவைக் கூட்டவும் குறைக்கவும் வெளியே ஒரு திருகு இருக்கும். அது பயன்படுத்துபவருக்காக வைக்கப்பட்டது, தயங்காமல் திருகலாம். எடுத்து வைக்கும்போது அதைத் தளர்த்தி வைப்பது நல்லது. உள்ளிருக்கும் ரப்பர் இருக்கையில் பள்ளம் விழாது.

என் மாணவர் மூன்றாவது சோதனையைச் செய்தார். காற்று வந்தது! வாய்க்கவ்வி நன்றாக இருந்தது. கையேட்டின்படி முன் மூடியைக் கழற்றிச் சவ்வைப் பார்த்தோம், அதிலும் குறையில்லை. காளான் வால்வின் விளிம்பை மெதுவாகத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடியில் ஒரே ஒரு மணல் துகள்! நல்ல தண்ணீரால் கழுவி, மூடியைப் பொருத்தி மீண்டும் இழுத்தார். காற்று வரவில்லை. அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! பாதி நோய் காசு செலவின்றித் தீர்ந்தது.

பம்புக்காரர் கேட்ட கேள்வி

மீதிப் பாதிதான் சிக்கல். வெற்றி கொடுத்த தெம்பில் முதல் நிலையையும் பிரித்துவிடலாம் என்றார் மாணவர். தெருமுனையில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் பெரியவரின் பட்டறைக்குச் சென்றோம். அவர் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரிக்கிறது பெரிய காரியமில்ல தம்பி. நான் ஒரு பம்பைப் பிரிச்சு மாட்டினா, கிணத்துல இறக்கி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கூலி வாங்குவேன். இதை நீங்க எங்க ஓட்டிப் பார்ப்பீங்க?"

நாங்கள் இருவரும் வாயடைத்து நின்றோம். வீட்டில் 200 பார் சிலிண்டர் இல்லை. அழுத்தம் அளக்கும் மானி இல்லை. சரி செய்தது சரியாயிற்றா என்று அறியும் முதல் வாய்ப்பு, கடலுக்கடியில்தான் கிடைக்கும்!

முதல் நிலையைச் சரிபார்ப்பது எப்படி என்று கையேடு தெளிவாகவே கூறுகிறது. சிலிண்டரில் இணைத்து, குறைந்த அழுத்தக் குழாய் ஒன்றில் மானியைப் பொருத்த வேண்டும். முள் உரிய எண்ணில் நின்று அசையாதிருந்தால் நலம். நின்ற பின்னும் மெல்ல மெல்ல மேலே ஏறினால், உயிர்நிலையாகிய இருக்கை தேய்ந்துவிட்டது. அதைத் தீர்க்கக் கருவியை முழுமையாகப் பிரிக்க வேண்டும். பித்தளைப் பாகங்களைச் சிறிது நேரம் மட்டும், நீர் கலந்த வினிகர் போன்ற மென்மையான அமிலக் கரைசலில் கழுவ வேண்டும். எல்லா ஓ-ரிங் வளையங்களையும், இருக்கையையும், வடிகட்டியையும் அந்த மாதிரிக்கே உரிய புதிய பாகங்களாக மாற்ற வேண்டும். வளையத்தை எடுக்க இரும்பு ஊசியைப் பயன்படுத்திப் பித்தளையில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும், அதன் வழியே காற்று கசியும். மோட்டார் சைக்கிளுக்குப் போடும் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிக் கெடும். ஆக்சிஜன் மிகுந்த கலவையைப் பயன்படுத்துவோருக்கு அதனால் தீ விபத்தே நேரலாம்.

இதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் உண்டு. சீறல் கேட்கிறது என்பதற்காக, இரண்டாம் நிலையின் உள் திருகை இறுக்கிச் சத்தத்தை அடக்கிவிடுவோர் உண்டு. சத்தம் நிற்கும், நோய் நிற்காது. முதல் நிலையில் அழுத்தம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இறுக்கிய வால்வினால் ஒவ்வொரு மூச்சும் பளுவாகும். பளுவான மூச்சினால் உடலில் கரியமில வாயு தேங்கும். தேங்கினால் பதற்றம் வரும். ஆழத்தில் பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு விருட்டென்று மேலே ஏறினால், விரிவடையும் காற்று நுரையீரலையே கிழித்துவிடும். முதலில் முதல் நிலை, பிறகே இரண்டாம் நிலை என்பது பழுது பார்ப்போர் மாற்றாத வரிசை.

அப்படியானால் தானே பழுது பார்ப்பது தவறா? இல்லை! முறையாகக் கற்று, உரிய கருவிகளும் பாகங்களும் மானியும் சிலிண்டரும் வைத்துக்கொண்டு, தம் ரெகுலேட்டரைத் தாமே பராமரிப்போர் உலகில் பலர் உள்ளனர். அவர்களும் வேலை முடிந்ததும் முதலில் நீச்சல் குளத்தில், துணையோடு, ஆழமற்ற நீரில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். பெரியவரின் கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்கிறது. எங்களிடம் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

நம் வீட்டுக்கும் இதே விதி

இந்த விதி கடலோடு முடிந்துவிடுவதில்லை. சமையல் கேஸ் கசிகிறதா என்று சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பது நம் வேலை. குழாயின் காலக்கெடுவைக் கவனிப்பதும் நம் வேலை. ரெகுலேட்டரைத் திருப்புளியால் நெம்பிப் பார்ப்பது நம் வேலையன்று; அதை ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் நெடுநாள் மூடிக்கிடந்த கிணறுகளில் தூர் வார இறங்குவோர் உண்டு. அடியில் மூச்சுக்கு உதவாத காற்று தேங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுந்தால், பதறிப்போய் அடுத்தவரும் இறங்குவார், அவரும் விழுவார். அங்கே உதவக்கூடியவர்கள், மூச்சுக் கருவி அணிந்து இறங்கும் தீயணைப்புப் படையினர்தாம். அவர்கள் முதுகில் இருப்பதும் அழுத்தக் காற்றுச் சிலிண்டர். முகமூடியில் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வால்வு. அந்தக் கருவிகளையும் யாரோ ஒருவர் அமைதியாக அமர்ந்து சோதித்து வைக்கிறார். அவரை நாம் அறியமாட்டோம். நம் மக்களின் மூச்சு அவர் கையில் இருக்கிறது.

கயிறு பிடிக்கும் கை

என் மாணவர் பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனார். அங்கே பயிற்சி பெற்ற ஒருவரிடம் முதல் நிலையைக் கொடுத்தார். அதுவரை கடலில் இறங்கவும் இல்லை. ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினார்.

"ஹஜ்ரத், உள்ளே வடிகட்டி பச்சை பிடித்திருந்ததாம். இருக்கையில் நகக்கீறல் போல ஒரு பள்ளம். மாற்றிவிட்டு, மானியை என் கண்முன்னே வைத்துக் காட்டினார். முள் அசையவே இல்லை."

"கூலி அதிகமோ?" என்று கேட்டேன்.

சிரித்தார். "பாட்டனார் கயிறு பிடித்தவருக்கும் பங்கு கொடுத்திருப்பார்தானே, ஹஜ்ரத்?"

வாசகர்களே! உயிர் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதைக் காக்கும் கருவியைப் பழுது பார்ப்பவர் எவராயினும், அந்நேரம் அவரே கயிறு பிடிக்கும் மச்சான். அந்த இடத்தில் நாமே அமர விரும்பினால் அமரலாம், தடையில்லை. அதற்கு முன் பம்புக்காரப் பெரியவரின் கேள்வியை ஒருமுறை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: "இதை எங்கே ஓட்டிப் பார்ப்பது?" விடை இருந்தால் தைரியமாகத் திருப்புளியை எடுப்போம். இல்லையென்றால் கழுவித் துடைத்து, அறிந்தவர் கையில் கொடுப்போம்.